ஒரே அடி, இரண்டு வலி

கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொண்டால் முதலில் 'சுளீர்' என்று ஒரு வலி. விரலைப் பிடித்துக்கொண்டு உட்காருவதற்குள் இன்னொன்று வந்து சேர்கிறது. எரிச்சலும் கடுப்புமான அந்த வலி லேசில் போகாது. அடி ஒன்றுதான்; மேலே சேதி கொண்டுபோகும் நரம்பிழைகள் இரண்டு வகை.

முந்திக்கொள்பவை ஏ-டெல்டா இழைகள். மெல்லிய மயலின் உறை இருப்பதால் இவற்றில் வேகம் நொடிக்கு 5 முதல் 30 மீட்டர். பின்தங்கி வரும் சி இழைகளுக்கு அந்த உறை கிடையாது. வேகம் நொடிக்குச் சுமார் 1 மீட்டர்தான். கால் விரலிலிருந்து தண்டுவடம் ஏறவே இவற்றுக்கு ஏறக்குறைய ஒரு நொடி ஆகிவிடும். முதல் வலி காலை வெடுக்கென இழுக்க வைக்கிறது. இரண்டாவது, அடிபட்ட காலை ஊன்றவிடாமல் காக்கிறது.

சரி, எரிச்சல் ஏன் எரிச்சலாகவே தெரிகிறது? நரம்பு நுனியில் டிஆர்பிவி1 என்றொரு புரதம் இருக்கிறது. வெப்பம் சுமார் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது திறந்துகொண்டு 'சுடுகிறது' என்று அறிவிக்கும். மிளகாயிலுள்ள கேப்சைசினும் இதே புரதத்தைத் திறக்கிறது. மிளகாய் நறுக்கிய கை நெருப்பே படாமல் எரிவது இதனால்தான். 1997இல் இந்தப் புரதத்தைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், 2021இல் ஆர்டெம் பட்டபூட்டியனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். தோல் புண்பட்டிருந்தால் அங்கே சுரக்கும் வேதிப்பொருட்கள் அந்த 43 டிகிரி வரம்பைக் கீழே இறக்கிவிடும். வெதுவெதுப்பான தண்ணீர்கூடச் சுடும்.

உள்ளுறுப்புகளின் வலி இடத்தையே மாற்றிக் காட்டும். இதயத்தின் நரம்புகளும் இடது கையின் உட்புற நரம்புகளும் தண்டுவடத்தில் ஒரே பகுதியில் சேர்கின்றன. கையிலிருந்து வரும் சேதிக்கே பழகிய மூளை, மாரடைப்பின்போது கை வலிப்பதாக எடுத்துக்கொள்கிறது.

அடியே படாமலும் வலிக்கலாம். நாள்பட்ட சர்க்கரை நோயில் சிதைந்த நரம்பு தானாகவே சேதி அனுப்பத் தொடங்குகிறது. பாதம் எரியும், ஊசி குத்தும், ஷாக் அடிக்கும். பாராசிட்டமால் இதற்குப் பெரும்பாலும் எடுபடாது. பிரிகாபலின் போல நரம்பின் துடிப்பைக் குறைக்கும் மருந்து வேண்டும்.

எனவே "எப்படி வலிக்குது?" என்று டாக்டர் கேட்டால், "உயிர் போகுது டாக்டர்" என்பதோடு நிறுத்த வேண்டாம். குத்துகிறதா, எரிகிறதா, இறுக்கிப் பிடிக்கிறதா என்று பிரித்துச் சொல்லுங்கள். சிகிச்சை எங்கே தொடங்க வேண்டும் என்பதற்கு அதுவே முதல் துப்பு.