உங்களுக்குத் தெரியுமா? விண்வெளி வழியே போன விழிப்படம்

இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் தெற்கே, சூணாம்பேடு சுற்றுவட்டாரத்தின் 42 கிராமங்களில் சர்க்கரை நோயைக் கண்டறிய 2006-லேயே ஒரு வேன் சுற்றத் தொடங்கியது. வேனிலேயே விழித்திரைக் கேமரா, ஈசிஜி. உள்ளங்காலில் அதிரும் முனையை வைத்து, உணர்ச்சி மங்கிவிட்டதா என்று பார்க்கும் கருவியும் உண்டு. கிராமத்தில் எடுத்த விழித்திரைப் படம், இஸ்ரோ தந்த செயற்கைக்கோள் இணைப்பு வழியாகச் சென்னை கோபாலபுரத்தில் இருந்த டாக்டர் மோகன்ஸ் நீரிழிவு மருத்துவமனையின் மருத்துவர்களுக்குப் போனது. சர்க்கரையால் விழித்திரை கெடுவது தொடக்கத்தில் நோயாளிக்கே தெரியாது. வலிக்காது, பார்வையும் மங்காது. கூலி வேலையை விட்டுவிட்டுப் பட்டணத்துக்கு வர முடியாதவர்களுக்கு அந்தப் படம் எவ்வளவு பெரிய உதவி! வீடு வீடாகப் போய் விரல் நுனியில் ரத்தம் எடுத்துச் சோதித்தவர்களோ, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள்.