கண் எழுதும் வேளை
(தொடர் – 17)

சிதம்பரம் சிவகாமி அம்மன் சன்னதி மண்டபத்தில் அண்ணாந்து பார்த்தபடி நடந்தால், விதானத்தில் மாணிக்கவாசகரின் வரலாறு கட்டம் கட்டமாக விரியும். நாயக்கர் காலத்து வேலை. பல இடங்களில் வண்ணம் மங்கிவிட்டது.

வாதவூரரான அவர் தில்லையில் ஈழத்துப் பௌத்தர்களை வாதில் வென்றார், அவர்களுடைய மன்னனின் ஊமை மகளைப் பேசவைத்தார் என்பது புராணம். திருச்சாழல் அப்படிப் பிறந்தது என்பார்கள். வென்ற கதை நமக்கு நன்றாகத் தெரியும். தோற்றவர்கள் தங்கள் ஊரில் புத்தரை எப்படி வரைந்தார்கள் என்று கேட்டவர் குறைவு. கேட்டவர்களில் முதன்மையானவர் கொழும்பில் 1877-இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. தந்தை முத்துக் குமாரசுவாமி, தமிழர். தில்லைக் கூத்தனை மேல்நாட்டாருக்கு எடுத்துச்சொன்ன 'சிவ நடனம்' தொகுப்பு 1918-இல் வந்தது. அதற்குப் பத்து ஆண்டு முன்பே, கண்டிப் பகுதிக் கைவினைஞர்களோடு பழகி, சிங்களரின் இடைக்காலக் கலை பற்றி ஒரு பெரிய நூல் எழுதிவிட்டார்.

அந்தக் கைவினைஞர்கள் புத்தரை முகத்திலிருந்து தொடங்குவதில்லை. அளவிலிருந்து தொடங்குகிறார்கள். 'சாரிபுத்திரம்' என்றொரு அளவு நூல் அவர்களிடம் உண்டு. தூக்குநூல் விட்டு நடுக்கோடு பிடிக்க வேண்டும்; அதிலிருந்து மூக்கு, மார்பு, மடியில் வைத்த கை என ஒவ்வொன்றின் இடமும் கணக்காக வரும். நம் சிற்பிகளின் தாளமானமும் இதே வழிதான்: முக நீளம் ஒரு தாளம், அதில் பன்னிரண்டு அங்குலம். எனக்குத் தோன்றியபடி வரைந்தேன் என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை.

எல்லாம் முடிந்தபின் கண். அதற்கு நேத்திர மங்கலம் என்று தனிச் சடங்கே இருக்கிறது. விடியலுக்கு முன் கதவைச் சாத்திவிடுவார்கள். உள்ளே கைவினைஞரும் உதவியாளரும் மட்டும். அவர் புத்தரை நேருக்கு நேர் பார்க்கமாட்டார். கண்ணாடியில் தெரியும் முகத்தைப் பார்த்துக்கொண்டே கையைப் பின்னால் நீட்டிக் கருமணியைத் தீட்டுவார். தீட்டியதும் அவர் கண்ணைக் கட்டி வெளியே அழைத்து வருவார்கள். கட்டை அவிழ்த்ததும் அவர் முதல் பார்வை விழும் பொருளை, பால் பானை போன்ற ஒன்றை, வெட்டவோ உடைக்கவோ வேண்டும். அந்தப் பார்வைக்கு அவ்வளவு உக்கிரம் என்று நம்பிக்கை. ஐயனாருக்கு வேளார் கண் திறப்பதைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகப் படாது. கண் வைக்கும்வரை அது வெறும் உலோகத் துண்டுதான் என்று சிங்கள மக்கள் கருதியதை, கண்டி அரசில் கைதியாக இருந்த ராபர்ட் நாக்ஸ் 1681-இலேயே எழுதியிருக்கிறார்.

இன்று கடலூர்ப் பரிசுக் கடைகளிலும் ஓட்டல் வரவேற்பறைகளிலும் ஒரு புத்தர் தொங்குகிறார்: பாதி முகம், மூடிய கண், பின்னால் பொன்வண்ணத் தெறிப்பு. எனக்கு அது பிடிப்பதில்லை. அளக்க உடம்பும் இல்லை, திறக்கக் கண்ணும் இல்லை. வரைந்தவருக்கு எந்தச் சங்கடமும் நேராத படம் அது.

சிதம்பரத்திலிருந்து கடற்கரையோரமாகத் தெற்கே போனால் பூம்புகார். அங்கே பல்லவனேச்சரத்தில் புத்த விகாரையின் அடித்தளமும் புத்தபாதக் கல்லும் கிடைத்தன. முகமே இல்லாத வழிபாடு. இன்னும் போனால் நாகப்பட்டினம். 1856 முதல் 1930கள் வரை அங்கே ஏறத்தாழ 350 பௌத்தச் செப்புத் திருமேனிகள் மண்ணிலிருந்து வந்தன. அவற்றில் புத்தரின் உச்சியில் தீச்சுடர் எழுகிறது. நடராசரின் இடக்கையிலும் தீ. சோழநாட்டுக் கொல்லர் உலைகள் வாதத்தில் யார் பக்கமும் சேரவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

அந்தப் புத்தர்கள் பல நாடுகளுக்குச் சிதறிவிட்டார்கள். சிலர் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறார்கள். அடுத்த முறை போகும்போது நடராசரைப் பார்த்ததோடு திரும்பிவிடாமல், இவர்கள் முன்னாலும் சற்று நில்லுங்கள்.