ஒரு தளபதிக்கு இரண்டு மரணங்கள்

சிந்துவை வென்ற அரபுத் தளபதி முகம்மது பின் காசிம் எப்படி இறந்தார்? மும்பைக்கு அருகிலுள்ள உல்லாஸ்நகரில் இது தேர்வுத்தாளோடு முடிந்துபோகும் கேள்வி அல்ல. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ராணுவ முகாமாக இருந்த கல்யாண் கேம்ப், பிரிவினையின்போது சிந்துவைவிட்டு வந்தவர்களின் புகலிடமானது. 1949 ஆகஸ்ட் 8 அன்று கவர்னர் ஜெனரல் ராஜாஜி கையால் அடிக்கல் நாட்டப்பட்டு உல்லாஸ்நகர் என்று பெயர் பெற்றது. 712-இல் காசிமை எதிர்த்துப் போரிட்டு மாண்ட சிந்து அரசர் ராஜா தாஹிர், இங்குள்ள சிந்திக் குடும்பங்கள் பலவற்றுக்கு இன்றும் வீரர். எல்லைக்கு அப்பால் பாகிஸ்தானின் பாடப்புத்தகங்களில் வீரர் காசிம். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளும், இந்தப் பக்கத்துப் பிள்ளைகளும், அவர்களுக்கு அடுத்த வீட்டில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளும் சந்தேகம் வந்தால் திறப்பது ஒரே இடத்தைத்தான்: விக்கிப்பீடியா. யார் வேண்டுமானாலும் தொகுக்கலாம் என்ற ஏற்பாட்டில் ஓடும் அந்தக் கலைக்களஞ்சியம் 'நடுநிலை நோக்கு' என்பதைத் தன் அடிப்படை விதிகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதைக் காசிமின் மரணத்தை வைத்தே பார்த்துவிடலாம்.

பலருக்கும் தெரிந்த கதை இது. தாஹிரின் மகள்கள் சூரியாதேவியும் பரிமளாதேவியும் கலீஃபாவிடம் அனுப்பப்படுகிறார்கள். காசிம் எங்களை ஏற்கெனவே கெடுத்துவிட்டார் என்கிறார்கள். கோபம் தலைக்கேறிய கலீஃபா, காசிமைப் பச்சைத் தோலுக்குள் வைத்துத் தைத்து அனுப்பச் சொல்கிறார். வழியிலேயே அவர் உயிர் போகிறது. உடல் வந்து சேர்ந்ததும், தந்தையைக் கொன்றதற்குப் பழிவாங்கவே பொய் சொன்னோம் என்கிறார்கள் மகள்கள். இதைச் சொல்வது 'சச்நாமா'. இன்னொரு மரணம் இத்தனை விறுவிறுப்பானது அல்ல. 715-இல் கலீஃபா வலீத் இறந்து சுலைமான் பதவிக்கு வருகிறார். ஈராக்கை ஆண்ட ஹஜ்ஜாஜின் ஆட்கள்மீது புதிய ஆட்சிக்குப் பகை. ஹஜ்ஜாஜின் உறவினரான காசிம் திரும்ப அழைக்கப்பட்டு, வாசித் நகரில் சிறைவைக்கப்பட்டு, சித்திரவதையில் இறக்கிறார். இதைச் சொல்பவர் 892-இல் மறைந்த அரபு வரலாற்றாசிரியர் பலாதுரீ.

இரண்டையும் ஆளுக்குப் பாதியாக எழுதிவிட்டால் நடுநிலை வந்துவிடும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். ஆனால் இரண்டு சாட்சிகளும் ஒரே எடை உள்ளவை அல்ல. பலாதுரீ சம்பவத்துக்குப் பிந்தைய இரண்டு நூற்றாண்டுக்குள் எழுதியவர். சச்நாமாவைப் பாரசீகத்தில் எழுதிய அலீ கூஃபி, 1216 வாக்கில் உச் நகரில் இருந்தவர். இடைவெளி 500 ஆண்டு. அரோர், பக்கர் பக்கத்தில் ஒரு காழியிடம் கிடைத்த பழைய அரபு ஏட்டை மொழிபெயர்த்தேன் என்கிறார் அவர். அந்த அரபு ஏடு இன்று நம் கையில் இல்லை. அது மொழிபெயர்ப்பே அல்ல, 13-ஆம் நூற்றாண்டின் அரசியல் சிந்தனையைப் பழங்கதையில் வைத்துச் சொன்ன தனி நூல் என்று மனான் அகமது ஆசிஃப் 2016-இல் வெளிவந்த தன் ஆய்வில் வாதிடுகிறார். ஆகவே ஒழுங்கான தொகுப்பாளர் எழுதும் வரி இப்படி அமையும்: '9-ஆம் நூற்றாண்டின் பலாதுரீ, காசிம் வாசித் சிறையில் இறந்ததாகக் குறிக்கிறார், சம்பவத்துக்கு ஐந்து நூற்றாண்டு பிந்தைய சச்நாமா, தாஹிரின் மகள்கள் பழிவாங்கியதாக வேறொரு கதை சொல்கிறது.' யார் சொன்னது, எப்போது சொன்னது என்ற இரண்டும் அந்த வரிக்குள்ளேயே இருக்கின்றன. எதை எவ்வளவு நம்பலாம் என்பதை வாசகர் அந்த ஆண்டுக் கணக்கிலேயே புரிந்துகொள்வார். நடுநிலை என்று நான் சொல்வது இதைத்தான்: ஒவ்வொரு சாட்சியையும் அதன் வயதோடும் முகவரியோடும் நிறுத்துவது.

'ஆதாரம் இருக்கிறதே' என்பது விக்கிப்பீடியாவின் உரையாடல் பக்கங்களில் அடிக்கடி விழும் வாதம். ஆதாரம் இருப்பது மட்டும் போதாது என்பதற்கும் பலாதுரீயே நல்ல உதாரணம். தேபல் துறைமுகம் விழுந்தபோது மூன்று நாள் படுகொலை நடந்ததாக எழுதியவர் அவர். அரோரில் சரணடைந்தவர்களிடம், உங்கள் கோயில்கள் எங்களுக்குக் கிறிஸ்தவர்களின் தேவாலயம், யூதர்களின் ஜெபக்கூடம், பார்சிகளின் நெருப்புக்கோயில் போன்றவைதான் என்று காசிம் சொன்னதாக எழுதியவரும் அவர்தான். முதல் வரியை மட்டும் எடுத்து ஒருவர் கட்டுரை எழுதலாம். இரண்டாவதை மட்டும் எடுத்து இன்னொருவர் எழுதலாம். இருவர் அடிக்குறிப்பும் சரியாக இருக்கும், இருவர் கட்டுரையும் தவறாக இருக்கும். மூல நூலிலிருந்து வேண்டிய வரியைப் பொறுக்கி முடிவு சொல்லாதீர்கள், அந்த நூலை முழுதாகப் படித்து எடைபோட்ட ஆய்வாளரைச் சான்று காட்டுங்கள் என்று விக்கிப்பீடியா கேட்பது இதற்காகத்தான். சொந்த ஆய்வு கூடாது என்ற விதி புதியவர்களுக்குக் கெடுபிடியாகத் தோன்றும். தேபலையும் அரோரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அதன் நியாயம் தெரியும்.

மூல நூல் நம் கைக்கு எந்த வழியாக வந்தது என்பதையும் கேட்க வேண்டும். இந்தியாவின் முஸ்லிம் ஆட்சிக்காலம் பற்றி இணையத்தில் சுற்றும் ஆங்கில மேற்கோள்களில் பெரும்பகுதி, எலியட்டும் டௌசனும் 1867 முதல் 1877 வரை எட்டுத் தொகுதிகளாகக் கொண்டுவந்த மொழிபெயர்ப்புத் திரட்டிலிருந்து எடுத்தவை. பழைய ஆட்சிகளின் கொடுமையைப் படித்தால் இந்தியர்களுக்குப் பிரிட்டிஷ் ஆட்சியின் அருமை விளங்கும் என்று எலியட் தன் முன்னுரையில் நோக்கத்தை மறைக்காமலே எழுதினார். அந்த நோக்கத்தோடு தேர்ந்தெடுத்த பகுதிகள் அவை. அவற்றின் பிழைகளைப் பக்கம் பக்கமாகத் திருத்தி ஹோடிவாலா என்ற பார்சி அறிஞர் எழுதிய பெரிய நூல் 1939-இல் பம்பாயில் வெளிவந்தது. எலியட்டை எடுத்தாளும் ஆயிரம் பேரில் ஹோடிவாலாவைப் புரட்டியவர் எத்தனை பேர் இருப்பார்கள்?

தமிழில் தொகுப்பவருக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஆங்கிலத்தில் எல்லா அரசருக்கும் வினைவடிவம் ஒன்றுதான். தமிழில் ராஜராஜன் ஈழத்தை 'வென்றார்', கஜினி முகமது சோமநாதபுரத்தைக் 'கொள்ளையடித்தான்' என்று எழுதினால், விகுதியே தீர்ப்பு சொல்லிவிடுகிறது. இருவருக்கும் 'ஆர்' அல்லது இருவருக்கும் 'ஆன்', எதுவானாலும் ஒரே அளவுகோல் வேண்டும். நபிகளின் பெயருக்குப் பின்னால் (ஸல்) போடுவது நம்பிக்கையாளரின் வாழ்த்து, அது அவரவர் எழுத்தில் இருக்க வேண்டியதுதான். பொதுக் கலைக்களஞ்சியத்தில் அது இல்லாததை அவமதிப்பாகக் கொள்ள வேண்டியதில்லை, மரியாதை விகுதியே போதும். கஜினி என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. பதினேழு முறை தோற்று விடாமுயற்சியால் பதினெட்டாம் முறை வென்றவர் என்று மேடையிலும் வகுப்பறையிலும் தமிழர்கள் சொல்லாத நாளில்லை. அவர் படையெடுப்புகளைப் பதினேழு என்று வரிசைப்படுத்திக் காட்டியது எலியட் திரட்டின் ஒரு குறிப்பு. அவற்றில் பெரும்பாலானவற்றில் அவர் வென்று, செல்வத்தை எடுத்துக்கொண்டு திரும்பியவர். தோல்விக் கணக்கு நம் பேச்சுவழக்கு சேர்த்தது. பகையோ மதமோ கலக்காமலே ஒரு பிழை இவ்வளவு காலம் நிற்கிறதென்றால், அவை கலந்த இடத்தில் எத்தனை கவனம் தேவைப்படும்!

எதிர்ப்புகள் இரண்டு பக்கத்திலிருந்தும் வரும். இப்படிச் சான்றுகளை எடைபோடுவது கொலைகளையும் கோயில் இடிப்புகளையும் பூசிமெழுகும் தந்திரம் என்பது ஒன்று. தேபலில் மூன்று நாள் கொலை நடந்ததை எழுதுவது பலாதுரீ; அதை நீக்குவதும் இதே முறைக்கு விரோதம்தான். கூடாதது ஒன்றே, மிகைப்படுத்திய எண்ணைச் சந்தேகமில்லாத எண்ணாக எழுதுவது. மரபு போற்றும் நூல்களைக் கல்வியுலக ஆய்வாளர் எடைபோட என்ன உரிமை என்பது மற்றொன்று. இஸ்லாமிய மரபே அந்த உரிமையைக் கொடுத்த மரபு. இவரிடமிருந்து இவர் கேட்டார், அவரிடமிருந்து அவர் கேட்டார் என்று அறிவிப்பாளர் வரிசையை ஹதீஸ் அறிஞர்கள் ஒவ்வொரு கண்ணியாகச் சோதித்தார்கள். 923-இல் மறைந்த தபரீ தன் மாபெரும் வரலாற்றின் முன்னுரையில், ஏற்க முடியாத செய்தி எதையாவது வாசகர் கண்டால் அது என்னிடமிருந்து வந்ததல்ல, எனக்கு அறிவித்தவர்களிடமிருந்து வந்தது, வந்தபடியே கொடுக்கிறேன் என்கிறார். அடிக்குறிப்பு மேற்கிலிருந்து வந்த சரக்கு என்று யாரும் ஒதுக்க வேண்டியதில்லை. ஆய்வாளர்களுக்கும் சாய்வு உண்டே என்றால், உண்டு. அதற்கு மருந்து இன்னொரு ஆய்வாளர். காவல்நிலையம் மருந்தாகாது. 2025 பிப்ரவரியில் மராட்டிய மன்னர் சம்பாஜி மகாராஜா பற்றிய விக்கிப்பீடியா பக்கத்தின் சில வரிகளுக்காக மகாராஷ்டிர சைபர் காவல்துறை நோட்டீஸ் அனுப்பியது, தொகுத்தவர்கள் சிலர்மீது வழக்கும் பதிந்தது. அந்த வரிகள் பிழையானவை என்றால் அதைவிட வலுவான சான்றை உரையாடல் பக்கத்தில் வைத்து மாற்றியிருக்கலாம். வழக்குக்குப் பயந்து ஒதுங்குகிறவர்கள் பெரும்பாலும் கவனமாக எழுதுகிறவர்களாகவே இருப்பார்கள்.

உல்லாஸ்நகருக்குக் கிட்டத்திலேயே இதற்கொரு சோதனைக்களம் இருக்கிறது: அம்பர்நாத் தாலுகாவில், மலைமேல் உள்ள ஹாஜி மலங் தர்கா. யெமனிலிருந்து நள ராஜா காலத்தில் சீடர்களோடு வந்த ஹாஜி அப்துல் ரஹ்மானின் அடக்கத்தலம் என்ற ஐதீகத்தை 1882-இல் வெளிவந்த பம்பாய் மாகாண கெசட்டியர் பதிவு செய்கிறது. பரம்பரையாக தர்காவை நிர்வகித்துவந்தது கேத்கர் என்ற கல்யாண் பிராமணக் குடும்பம். 1817-இலேயே நிர்வாகம் யாருக்கு என்று தகராறு வந்து, சீட்டுக் குலுக்கிப் பார்த்ததாகவும் கெசட்டியர் சொல்கிறது. இது நாதர் மரபு யோகி மச்சிந்திரநாதரின் சமாதி என்ற உரிமைக்குரல் 1980-களில் சிவசேனையின் ஆனந்த் திகே தலைமையில் இயக்கமாக எழுந்தது. 2024 ஜனவரியில் அன்றைய முதல்வர் ஏக்நாத் ஷிண்டே அதைத் திரும்ப எழுப்பினார். பக்கம் எழுதுகிறவர் யெமன் ஐதீகத்தை ஐதீகம் என்றும், நாதர் மரபின் உரிமைக்குரலை உரிமைக்குரல் என்றும், இரண்டுக்கும் பதிவான ஆண்டோடு எழுத வேண்டும். நடுவில் உச்ச நீதிமன்றம் இருக்கிறது. இந்தத் தலத்தை இந்துச் சட்டத்தாலோ முஸ்லிம் சட்டத்தாலோ அளக்க முடியாது, அதற்கே உரிய வழக்கமும் அறக்கட்டளைகளின் பொதுச் சட்டமும்தான் பொருந்தும் என்று 1950-களில் சொன்னது. 1968-இல் இதே தர்காவின் நிலம் பற்றிய வழக்கில் நிர்வாகி தர்காவின் வரவுசெலவுக் கணக்கைக் கொண்டுவரவில்லை. நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையதாக இல்லாவிட்டாலும், உண்மையைக் காட்டக்கூடிய ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே எடுக்காவிட்டால் அதை உங்களுக்கு எதிராகவே கொள்ளலாம் என்று நீதிபதிகள் எழுதினார்கள். அந்தத் தீர்ப்பை இன்றும் சாட்சியச் சட்ட வழக்குகளில் மேற்கோள் காட்டுகிறார்கள். அரோர் வரியை விட்டுவிட்டுத் தேபலை மட்டும் எழுதுகிறவருக்கும், தேபலை அழித்துவிட்டு அரோரை மட்டும் வைக்கிறவருக்கும் அது அப்படியே பொருந்துகிறது.