பண்பொழி திருமலை ஏற்றம்

பண்பொழி திருமலை, தென்காசி மாவட்டத்தில் செங்கோட்டைக்கு வடக்கே மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டி நிற்கும் குன்று. இதன் உச்சியில் திருமலைக் குமாரசுவாமி கோயில் உள்ளது. அருணகிரிநாதர் பாடிய தலங்களுள் இதுவும் ஒன்று.

தென்காசியிலிருந்து செங்கோட்டை வழியாகப் பண்பொழியை அடையலாம். உச்சிவரை வாகனச் சாலை இருந்தாலும், படிவழியே ஏறினால்தான் காட்சி சிறிது சிறிதாக விரியும்: மேற்கே மலைச்சுவர், கிழக்கே வயல்களும் தென்னந்தோப்புகளும் குளங்களும். நண்பகலில் நடை சாத்தப்படும், பாறையும் சுடும் என்பதால் காலையில் ஏறுவதே நல்லது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை சாரல் காலம். அப்போது வெயில் குறைவு. ஆனால் ஈரப்படிகள் வழுக்கும், ஆரியங்காவுக் கணவாய்க் காற்றும் பலமாக வீசும்.

பலர் இறங்கியதும் குற்றாலத்துக்குக் குளிக்கச் செல்வர். கவனம் தேவைப்படுவது மலையைவிட அங்குதான். அடிவாரத்தில் மழை இல்லாதபோதும் மேலே பெய்த மழை அருவியில் திடீர் வெள்ளமாக இறங்கக்கூடும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் அவ்வாறு வந்த வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துச் சென்றது, அவன் உயிரிழந்தான். எனவே புறப்படுமுன் மலைப்பகுதி மழை நிலவரத்தையும், அருவியில் குளிக்கத் தடை உள்ளதா என்பதையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். பேரருவிக்கு மேலுள்ள செண்பகாதேவி அருவி காட்டுக்குள் இருப்பதால் வனத்துறை அனுமதியின்றி அங்கே ஏறக்கூடாது.