மணல் தட்டை மறுக்கும் பூனை

வீட்டுப் பூனை மணல் தட்டை விட்டு மெத்தையில் சிறுநீர் கழிப்பது பழிவாங்கல் அல்ல. அடித்தால் அச்சம்தான் கூடும். முதலில் சந்தேகிக்க வேண்டியது நோயை: சிறுநீர்ப்பை அழற்சி, கல், வயதான பூனையென்றால் மூட்டுவலி. ஆண் பூனை அடிக்கடி முக்கியும் சிறுநீர் வராவிட்டால் சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கலாம். அப்படி அடைத்திருந்தால் ஓரிரு நாளில் உயிரே போய்விடலாம். இரவானாலும் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

நோய் இல்லையென்றால் தட்டைப் பார்க்கலாம். பெரும்பாலும் அழுக்குதான் காரணம். கழிவைத் தினமும் அள்ளியாக வேண்டும். தட்டு பூனையின் உடலைப்போல் ஒன்றரை மடங்கு நீளமாகவும், மணல் வாசனையின்றி நுண்ணியதாகவும் இருப்பது நல்லது. 2 பூனைகளுக்கு 3 தட்டுகள் தேவை. சாப்பாட்டுக் கிண்ணத்துக்கும் வாஷிங் மெஷினுக்கும் பக்கத்தில் வைக்கக்கூடாது. நனைந்த இடத்தை நொதி கலந்த திரவத்தால் துடைக்க வேண்டும். அமோனியா கலந்தவை சிறுநீர் வாடையை ஒத்திருப்பதால் பூனை மறுபடி அங்கேயே போகக்கூடும்.