தண்ணீரை இழுக்கும் உறைமண்

ஸ்வீடனிலும் கனடாவிலும் குளிர் முற்றும்போது தார்ச்சாலைகள் ஆங்காங்கே புடைத்துக்கொள்ளும். வேலிக்கம்பங்கள் ஆண்டுக்காண்டு மண்ணைவிட்டு மேலேறும். தண்ணீர் உறைந்தால் 9 சதவீதம் விரிவடையும், அதனால்தான் என்று நினைப்போம். கணக்குப் போட்டால் உதைக்கிறது. ஒரு மீட்டர் ஆழத்துக்கு உறைந்த மண்ணில் 40 சதவீதம் தண்ணீரே என்று வைத்துக்கொண்டாலும், விரிவு 3.6 செ.மீ.தான். தரையோ சில இடங்களில் 20 செ.மீ.கூட எழும்புகிறது.

அமெரிக்கப் புவியியலாளர் ஸ்டீபன் டேபர் 1930 வாக்கில் தண்ணீருக்குப் பதிலாகப் பென்சீனை ஊற்றி மண்ணை உறையவைத்தார். பென்சீன் உறைந்தால் சுருங்கும். மண் அப்போதும் எழும்பியது! விரிவுக் கதை அத்தோடு முடிந்தது.

உண்மையில் நடப்பது இழுப்பு. மண்துகளை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலம் பூஜ்யம் டிகிரிக்குக் கீழேயும் உறைவதில்லை. விளக்குத்திரி எண்ணெயை ஏற்றுவதுபோல, அந்தப் படலத்தின் வழியே அடிமண்ணின் ஈரம் மேலேறிப் பனிக்கட்டியோடு சேர்கிறது. ஒரு டிகிரி குறைந்தால் இழுவிசை ஏறத்தாழ 12 வளிமண்டல அழுத்தம் வரை போகலாம். உறைந்த மண்ணை வெட்டிப் பார்த்தால், மண் துளியும் கலக்காத பனிப்பாளங்கள் படுக்கைவாட்டில் அடுக்கடுக்காகத் தெரியும். சில முடியளவு, சில விரற்கடை. மணலில் துளைகள் பெரிது, இழுப்பு குறைவு. களிமண்ணில் இழுப்பு உண்டு, தண்ணீர் எளிதில் நகராது. இரண்டுக்கும் நடுவிலுள்ள நுண்வண்டல்தான் வில்லன்.

இதைச் சமன்பாட்டில் பிடிப்பது லேசல்ல. ஜோசப் ஸ்டெஃபான் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தந்த கணக்கில் வெப்பம் மட்டுமே உண்டு: உறையும் ஆழம் இரட்டிக்க நான்கு மடங்கு காலம் வேண்டும். 1973இல் ஹார்லன் என்ற ஆய்வாளர் வெப்பத்தையும் நீரோட்டத்தையும் சேர்த்துத் தீர்த்தார். இரண்டும் ஒன்றையொன்று பிடித்து இழுப்பவை. மேலேறும் ஒவ்வொரு கிலோ நீரும் உறையும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை விடுகிறது. அந்த வெப்பம், உறைந்த மண்ணின் கீழ் விளிம்பான உறைமுனை கீழிறங்குவதைத் தடுக்கிறது. முனை தயங்கி நிற்கும் இடத்தில் பனிப்பாளம் தடிக்கிறது. முனை மீண்டும் இறங்கினால், கீழே புதிய பாளம் பிறக்கும். அது எந்த ஆழத்தில் பிறக்கும் என்பதே கணித மாதிரிகளுக்குக் கடினமான கேள்வி.

சாலைப் பொறியாளர்கள் அதன் விடைக்காகக் காத்திருக்கவில்லை. பல அளவுத் துகள்கள் கலந்த மண்ணில், 0.02 மில்லிமீட்டருக்குச் சிறியவை எடையில் 3 சதவீதத்தைத் தாண்டினால் சந்தேகப்படு என்றார் மண் பொறியியல் அறிஞர் கசாகிராண்டே. 1930களின் தொடக்கத்தில் வந்த அந்த எளிய விதி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.