சில்லறைக் காசின் பிறப்பிடம்

தவக்காலம் முடியும்போது எங்கள் வகுப்பு உண்டியலைத் திறந்து எண்ணுவது ஆண்டுதோறும் நடக்கும் வழக்கம். இவ்வாண்டு மேசைமேல் காசுகள் குவிந்து கிடந்தபோது, சிஸ்டர் இரண்டு ஒரு ரூபாய்க் காசுகளை எடுத்து எங்கள் முன் வைத்தார்கள். "இரண்டும் ஒரே ஆண்டில் அடித்தவை. ஆனால் ஒரே ஊரில் பிறந்தவை அல்ல. எப்படி என்று கண்டுபிடியுங்கள் பார்க்கலாம்" என்றார்கள். நாங்கள் திருப்பித் திருப்பிப் பார்த்தும் விளங்கவில்லை. பிறகு ஆண்டைக் குறிக்கும் எண்ணுக்குக் கீழே பார்க்கச் சொன்னார்கள். ஒன்றில் சிறு வைரக்கட்டம் இருந்தது; மற்றதில் ஒரு நட்சத்திரம்! நாள்தோறும் கடைக்குக் கொண்டுபோகும் காசில் இத்தனை நாளாக இதைக் கவனிக்காமல் இருந்தோமே என்று வெட்கமாகப் போயிற்று. அன்று கற்றதை என் தோழியருக்கும் பெற்றோருக்கும் சொல்லவே இக்கட்டுரை.

நம் நாட்டில் காசு அடிக்கும் நாணயச் சாலைகள் நான்கு. அவை மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், நொய்டா ஆகிய ஊர்களில் உள்ளன. மும்பைச் சாலையின் குறி வைரக்கட்டம். ஐதராபாத்தின் குறி ஐந்து முனை நட்சத்திரம். நொய்டாவின் குறி உருண்டைப் புள்ளி. கொல்கத்தாவுக்குக் குறியே இல்லை. ஆண்டின் கீழ் வெறுமையாக இருப்பதே அதன் அடையாளம். எந்தச் சாலையில் அடித்த காசானாலும் மதிப்பு ஒன்றுதான். பின் குறி எதற்கு? எடை குறைந்தோ அச்சுப் பிழைத்தோ ஒரு காசு வெளியே வந்துவிட்டால், அது எந்தச் சாலையின் தவறு என்று தெரிய வேண்டுமல்லவா? விடைத்தாளில் நாம் பெயர் எழுதுவது போன்றதே இது.

இவ்வழக்கம் நம் மண்ணுக்குப் புதிதன்று. 1736ஆம் ஆண்டில், ஆளுநர் துய்மா காலத்தில், பிரெஞ்சுக் கம்பெனியார் ஆற்காட்டு நவாபிடம் வெள்ளி ரூபாய் அடிக்கும் உரிமை பெற்றார்கள். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு தொடங்குவதும் அதே ஆண்டில்தான். புதுச்சேரியில் அடித்த அந்த ரூபாயில் பாரசீக எழுத்தில் ஆற்காடு என்ற பெயரே இருந்தது. ஆங்கிலேயரும் ஆற்காட்டு ரூபாய் அடித்தார்கள். இவற்றுள் புதுச்சேரி ரூபாயைப் பிரித்துக் காட்டியது அதிலிருந்த சிறு பிறை. செம்புக் காசில் இந்தக் குழப்பம் இல்லை. 1836ஆம் ஆண்டுக் காசில் ஒரு பக்கம் பிரெஞ்சு நாட்டின் சேவல், மறுபக்கம் தமிழ் எழுத்தில் 'புதுச்சேரி' என்று நம் ஊர்ப் பெயர். அக்காசைப் பிரெஞ்சுக்காரர்கள் 'தூதூ' என்றார்கள். நம் பாட்டிமார் சொல்லும் 'துட்டு' என்ற சொல்தான் அவர்கள் வாயில் அப்படி ஆயிற்று!

பழைய காசுகளில் வேறு குறிகளும் உண்டு. ஆறாம் ஜார்ஜ் மன்னர் காலத்தில், 1943 முதல் 1945 வரை லாகூரில் அடித்த காசுகளில் ஆங்கில 'எல்' எழுத்து இருக்கும். 1985ஆம் ஆண்டில் நம் சாலைகள் அடித்தது போதாமல் வெளிநாட்டிலும் காசு அடிக்கப்பட்டது. கனடாவின் ஒட்டாவாவில் அடித்ததில் 'சி' எழுத்தும், இங்கிலாந்தின் பர்மிங்காமில் அடித்ததில் 'எச்' எழுத்தும் உள்ளன. பின்னர் மெக்சிகோவில் அடித்த காசில் 'எம்' எழுத்தும் அதன் தலைமேல் ஒரு சிறு வட்டமும் இருக்கும். கடல் கடந்து வந்த காசு நம் செல்லிப்பட்டுக் கடையில் உப்பும் புளியும் வாங்கியிருக்கலாம் என்று எண்ணும்போது வியப்பாக இல்லையா?

புதுக் காசில் குறியை எளிதில் காணலாம். பலர் கைபட்டுத் தேய்ந்த காசில்தான் ஏமாந்து போகிறோம். நொய்டாவின் புள்ளி தேய்ந்து மறைந்தால் அது கொல்கத்தாக் காசு போலத் தோன்றும். பழைய ஐதராபாத்துக் காசுகள் சிலவற்றில் நட்சத்திரத்துக்குப் பதிலாக, நடுவில் புள்ளி வைத்த வைரக்கட்டமோ, இரண்டாகப் பிளந்த வைரக்கட்டமோ இருக்கும். புள்ளியும் பிளவும் அழுக்கால் அடைபட்டால் மும்பைக் காசு என்று எழுதிவிடுவோம். ஆகையால் கீழ்க்கண்டவற்றை நினைவில் கொள்ளுங்கள்.

முதலாவது, காசை விளிம்பில் பிடித்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி சாய்த்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத மேடு பள்ளம் அப்போது தெரியும். பூதக்கண்ணாடி இருந்தால் நலம்.

இரண்டாவது, ஆண்டோடு ஒப்பிடுங்கள். நொய்டாச் சாலை தொடங்கியது 1988இல். அதற்கு முந்திய காசில் புள்ளி இருந்தால் அது நொய்டாவின் குறியாக இருக்க முடியாது.

மூன்றாவது, குத்துவிளக்கைத் துலக்குவது போலப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்காதீர்கள். அழுக்கோடு குறியும் போய்விடும். தண்ணீரில் அலசி, மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

நான்காவது, ஐயமாக இருந்தால் 'தெரியவில்லை' என்றே குறிப்பேட்டில் எழுதுங்கள். தவறாக எழுதுவதைவிட அது மேல்.

இதில் பெற்றோர் கவனிக்க வேண்டிய செய்தியும் ஒன்று உண்டு. எங்கள் தெருவில் ஓர் அக்காவின் கைப்பேசிக்குச் செய்தி வந்தது. 2012இல் வெளியான வைஷ்ணவ தேவி உருவமுள்ள காசு கையில் இருந்தால் பல லட்சம் தருவார்களாம். முதலில் பதிவுக் கட்டணம் மட்டும் கட்ட வேண்டுமாம். அக்காவிடம் அந்த ஐந்து ரூபாய்க் காசு இருந்தது. மகளின் கல்லூரிச் செலவுக்கு ஆகும் என்று நம்பிக் கட்டணம் கட்டினார். பிறகு வரி என்று கேட்டார்கள், அதையும் கட்டினார். அதன்பின் அந்த எண்ணே எடுக்கப்படவில்லை. அக்காவின் சீட்டுப் பணம் போனதுதான் மிச்சம்.

அந்தக் காசு புழக்கத்துக்கென்றே வெளியிடப்பட்டது. ஐந்து ரூபாய்க் காசு கடையில் ஐந்து ரூபாய்க்குத்தான் செல்லும். அரிய காசுக்குச் சேகரிப்போர் கூடுதல் விலை தருவது உண்மையே. ஆனால் வாங்குகிறவர்தாம் பணம் தருவார். விற்கிறவரிடம் முன்பணம் கேட்க மாட்டார். இந்திய ரிசர்வ் வங்கியும் 2021 ஆகஸ்டில் இதைப் பற்றி எச்சரித்தது. பழைய காசு, நோட்டு வாங்கி விற்கும் தொழிலில் அது ஈடுபடுவதில்லை. தன் பெயரில் கட்டணம் வசூலிக்க எவருக்கும் அதிகாரம் கொடுக்கவும் இல்லை. காசைப் படிக்கத் தெரிந்தவரை இப்படி எளிதில் ஏமாற்ற முடியாது. இந்தச் சிறு அறிவின் பெரும்பயன் அதுவே.

ஆகவே, அன்புத் தோழியரே, இன்று மாலை வீட்டிலுள்ள அஞ்சறைப் பெட்டியையும் அப்பாவின் சட்டைப் பையையும் அனுமதி கேட்டுச் சோதியுங்கள். ஒரு குறிப்பேட்டில் மதிப்பு, ஆண்டு, குறி என்று மூன்று கட்டம் போட்டு எழுதுங்கள். பாட்டியின் பெட்டியில் தேய்ந்த செம்புக் காசு கிடைத்தால் பாத்திரக்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். அதைச் சாய்த்துப் பாருங்கள். சேவலோ, தமிழில் நம் ஊர்ப் பெயரோ தெரியக்கூடும். தெரியாவிட்டாலும் பாட்டியிடம் அக்காசின் கதையைக் கேளுங்கள். அதைச் சொல்ல அவர் ஒருவரே இருக்கலாம்.